ஐந்து மணிக்கு மிஞ்சாத தண்ணீர்

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி போதுமா, மிரோ?”

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மொட்டைமாடியில் நின்று லூக்கிஸ் கேட்டான்.

“லார்னகாவுல வெயிலுக்கா பஞ்சம்? சுவர் பூசுறவனுக்கு எத்தனை தடவை குளியல் கேக்குது?”

சிரித்தான். “அஞ்சு மணிக்கு ஒரே தடவை. சூடா இருந்தா போதும். உங்கம்மாகிட்ட சொல்லி வை.”

ஒன்பது வருடமாகிறது. நான் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி அம்மா தன் வீட்டின்மேல் எனக்குச் சீதனமாக மாடி கட்டிக் கொடுத்தாள். வெயிலில் தண்ணீர் சூடாக்கும் தொட்டி மட்டும் பழையதே, இரண்டு வீட்டுக்கும் பொது. மின்சாரத்தில் சூடாக்கும் ஸ்விட்ச் அவள் சமையலறையில். கோடையில் குறை தெரியாது. குளிர்காலத்தில் மதியம்வரை சேர்ந்த சூட்டை அம்மா மூன்று மணிக்கே வராந்தா கழுவத் திறந்துவிடுவாள். எடுத்த அளவுக்குப் பச்சைத்தண்ணீர் தொட்டிக்குள் புகுந்துவிடும். லூக்கிஸ் சிமெண்டுத் தலையோடு வரும்போது குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியாத ஜில்லிப்பாக இருக்கும்.

ஸ்விட்ச் என்று பேச்செடுத்தாலே, “சூரியன் சும்மா குடுக்கிறப்ப கரண்ட் எதுக்கு? மாப்பிள்ளை மலையூர்ப் பனியில வளர்ந்தவருதானே” என்பாள். அவள் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு அதற்குமேல் பேச எனக்கு நாக்கு எழவில்லை. லூக்கிஸும் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் கிட்டிக்கச் சாப்பிட உட்காருவான்.

இந்த ஜனவரியில் ஒருநாள் ஈரத்தலையோடு வந்தான்.

“எங்க குளிச்சே?”

“எங்க அக்கா வீட்ல. அங்க சூடா இருக்கு.”

பிறகு துண்டு அங்கே போனது. சவரக்கத்தி போனது. நேற்று இரவுச் சாப்பாடும் அங்கேயே. அவனுக்கு வைத்த சூப் அடுப்பிலேயே ஆடை கட்டியது.

இன்று காலை பையில் நான்கு சட்டைகளை மடித்து வைத்தான்.

“எத்தனை நாளைக்கு, லூக்கிஸ்?”

“இங்க தண்ணி சுடுற வரைக்கும்.” வேடிக்கைபோலத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று மணிக்குக் கீழே வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. இறங்கினேன். வராந்தாக் குழாயடியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“செருப்போட வராதே, பாதி துடைச்சாச்சு” என்றாள் அம்மா.

செருப்போடு போய்க் குழாயை மூடினேன்.

“என்னடி?”

“அம்மா, இந்தத் தண்ணியை அவனுக்கு விட்டு வை.”