இடித்தது எந்த வண்டி

"இடிச்சது எந்த வண்டி?"

வக்கீல் ஹஃபீஸா கேட்ட முதல் கேள்வி இதுதான். சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகும் சின்ன அறை. எதிரே உட்கார்ந்திருந்த கனகலட்சுமி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ட்ராக்டர் மேடம். கரும்பு லோடு. அலங்காநல்லூர் ரோட்டுல."

"யாரோட ட்ராக்டர்?"

கனகலட்சுமி முந்தானையை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினாள்.

"எங்க அண்ணன் சோணையோடது. அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. எதிர்ல பைக்குல வந்தது எங்க வீட்டுக்காரரு."

"இன்சூரன்ஸ்?"

"கட்டலையாம்."

ஹஃபீஸா பேனாவை மூடி வைத்தார். "உள்ளதைச் சொல்லிடுறேன்க்கா. இன்சூரன்ஸ் இல்லைன்னா நஷ்டஈட்டை உங்க அண்ணன்தான் கொடுக்கணும். கேஸும் அவர் மேலதான். முடிய ரெண்டு மூணு வருஷம் ஆகும். எவ்வளவு கிடைக்கும்னு இப்ப சொல்ல முடியாது."

"வருஷத்துக்குள்ள ரெண்டாவது ஆபரேஷன் பண்ணலைன்னா கால் கோணலா சேர்ந்துரும்னு டாக்டர் சொல்றாரே! அவரு லோடுமேன் மேடம். மூட்டை தூக்குற ஆளு. காப்பீட்டு அட்டை மொத ஆபரேஷனோட தீந்துபோச்சு."

"ஆபரேஷனுக்குன்னு முன்கூட்டியே கொஞ்சம் கேட்டு மனு போடலாம். அதையும் உங்க அண்ணன்தான் கட்டணும்."

"கூடப் பொறந்தவன் மேல கேஸ் போடச் சொல்றீங்களா? தையில எம்மக பாண்டிமீனாவுக்குச் சடங்கு. தாய்மாமன் இல்லாம சபையில புள்ளைய எப்படி உக்கார வைக்கிறது?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும். நான் கேஸை மட்டும்தான் சொல்ல முடியும்."

கனகலட்சுமி எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து கணவனிடம், "எதைக் கேட்டாலும் முடியாதுங்குறா. இவளெல்லாம் ஒரு வக்கீலா?" என்றாள்.

கட்டிலில் கிடந்த ஜெயபாண்டி சொன்னான்: "மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொல்லியிருக்காகள்ல. அவகளே இருக்கட்டும்டி."

மறுநாள் சோணையே வந்தான், ஹார்லிக்ஸ் பாட்டிலும் கூட ஒரு ஆளுமாக. "கனகு, இவரு கருத்தக்கண்ணன். ஒரு பெரிய வக்கீல்கிட்ட இருக்காரு. நம்ம ஆளு."

கருத்தக்கண்ணன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. "அக்கா, மொதல்ல கண்ணத் தொடைங்க. எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். திருமங்கலத்துல ஒரு மினி வேன் இருக்கு. இன்சூரன்ஸ் பக்காவா இருக்கு. இடிச்சது நான்தான்னு அந்த டிரைவரே வந்து சொல்லுவான். ஆறே மாசம். மாப்ள எந்திரிச்சு ஓடுவாரு பாருங்க."

"இடிச்சது ட்ராக்டர்ணே," என்றான் ஜெயபாண்டி.

"மாப்ள, உங்களுக்குக் காலு வேணுமா, ட்ராக்டர் வேணுமா?"

சோணை தங்கச்சியைப் பார்த்தான். "எம்மேல கேஸுன்னா நான் நாண்டுக்கிட்டுச் சாகணும், கனகு."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருண்ணே," என்று அதட்டிவிட்டு, காகிதங்களை அவளே வாங்கிக் கணவனிடம் நீட்டினாள். பாதி எழுதாத காகிதங்கள்.

"பொறந்த வீட்டுக்காக எங்கால வெச்சு விளையாடுறடி."

"உங்க காலுக்காகத்தான் சொல்றேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டான். அவளும் போட்டாள்.

தையில் சடங்கு நடந்தது. சோணை மேளம் வைத்துச் சீர் கொண்டுவந்தான். எல்லோரும் மெச்சினார்கள். ஜெயபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டான்.

ஆறு மாசம் பத்து மாசமானது. இன்சூரன்ஸ்காரர்கள் கனகலட்சுமியைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர்களுடைய வக்கீல் வயதானவர், மெதுவாகத்தான் பேசினார்.

"அடிபட்டவரை ஆஸ்பத்திரியில சேர்த்தது யாரும்மா?"

"நான்தாங்க."

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆக்சிடென்ட்டுன்னு."

"அவர் அப்பவே எழுதி வெச்சிருக்கார். வாசிக்கிறேன், கேளுங்க. 'கரும்பு ஏற்றிய ட்ராக்டர் மோதியதாக மனைவி கூறுகிறார்.' அந்த ட்ராக்டர் எப்பம்மா வேனா மாறுச்சு?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

மனு தள்ளுபடியானது. பொய் வழக்குப் போட்டதாகப் புருஷன் பெண்டாட்டி இருவர் மேலும் இன்சூரன்ஸ்காரர்கள் புகாரும் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, நீ வந்து ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். இடிச்சது எந்த ட்ராக்டர்னு மட்டும் சொல்லு."

"எந்த ட்ராக்டரு? என்னுது அன்னைக்குக் கொட்டகைய விட்டே கிளம்பலையே."

"அண்ணே!"

"நீதான வேன்னு கையெழுத்துப் போட்ட? இப்ப என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா?" அதற்கு மேல் அவன் நிற்கவில்லை.

மறுநாள் மறுபடியும் சிம்மக்கல். ஜெயபாண்டியால் படி ஏற முடியவில்லை. ஊன்றுகோலோடு பாத்திரக் கடை வாசலிலேயே நின்றுகொண்டான். மேலே ஹஃபீஸா எல்லாவற்றையும் வாசித்து முடித்தார்.

"பொய் வழக்குப் புகாருக்கு நான் ஆஜராகுறேன்க்கா. கைதாகாம பார்த்துக்கலாம்."

"நஷ்டஈடு மேடம்? ட்ராக்டர்னு திரும்பப் போட முடியாதா?"

"வேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்துட்டீங்க. இனிமே ட்ராக்டர்னா எந்த கோர்ட் நம்பும்?"

"அன்னைக்கே நீங்க அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்க்கா. உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி சொல்லலை, அம்புட்டுதான்."

கனகலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"என்ன சொன்னாக?"

"ஜெயிலுக்குப் போகாம பாத்துக்கிறாகளாம்."

"காலு?"

அவள் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

"கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் ரோட்டில் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"ஆட்டோ எதுக்கு? டவுன் பஸ்லயே போவோம். இனி இந்தக் காலோடதான பொழப்பு. இப்பவே பழகிக்கிறேன்."

அவள் அவன் தோளைப் பிடிக்கப் போனாள்.

"தொடாத. நானே வாரேன்."