எப்போதாவது ஓட்டுபவர்

"மேடம் எப்பவாவது ஓட்டுவாங்க போல" என்றார் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த சர்வேயர், தாளைப் புரட்டியபடி. அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பியது கணவன். முதன்மை ஓட்டுநர் அவன். எப்போதாவது ஓட்டுபவர் அவள். எட்டு மாதமாகத் தினமும் ஆறேழு வீடுகளுக்கு இந்தக் காரில் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டு மாற்றிவிட்டு வருகிற நர்ஸ் அவள். அவன் ரயிலில் அலுவலகம் போகிறவன். நாற்பத்து நாலு வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை அவள் லைசென்ஸ் வாங்கி வந்த அன்று, "எமனுக்கு அசிஸ்டென்ட் கெடச்சாச்சுடா" என்று தம்பியிடம் போனில் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடவே சிரித்தாள். இப்போது அதை நினைக்கக் காது சுட்டது.

நேற்று அவள் வண்டியை நிறுத்தி ஒரு கிழவரைச் சாலை கடக்க விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சந்திலிருந்து ரிவர்ஸில் வந்த வேன் காரின் பின்கதவை நசுக்கியது. தப்பு வேன்காரனுடையது. ஆனாலும் இன்று காலையில் சமையலறையில் கணவன், "நான் ஓட்டினேன்னு சொல்லிக்கிறேன், நீ பேசாம இரு" என்றான். தன்னை அலையவிட வேண்டாமென்று அவன் பார்க்கிறான் என நினைத்துத் தலையாட்டியிருந்தாள்.

சர்வேயர் கதவைப் படமெடுக்கக் குனிந்தபோது கணவனருகே போனாள்.

"தினமும் ஓட்டுறது நான்."

"புதுசா ஓட்டுறவங்கன்னா பிரீமியம் ஒண்ணுக்கு ரெண்டா கேப்பான். எல்லாரும் செய்றதுதான். நம்ம நல்லதுக்குத்தானே."

"இடிபடாம ஓட்டின எட்டு மாசமும் உங்க கணக்குல போச்சு. அது யாரு நல்லதுக்கு?"

"மெதுவா பேசு. தெரிஞ்சா க்ளெய்ம் மொத்தமும் போயிடும்."

க்ளெய்ம் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். இருபது வருடமாக அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, 'பார்த்துப் போங்க' என்று சொல்லக்கூட உரிமை இல்லாமல் விழுங்கியதெல்லாம் நாக்குநுனிக்கு வந்தது. அதற்குள் சர்வேயர் நிமிர்ந்தார்.

"நேத்து ஓட்டினது யாரு சார்?"

"நான்தான்."

"அப்படியே உள்ள உக்காந்து சாவியப் போடுங்க. எத்தனை கிலோமீட்டர்னு குறிச்சுக்கறேன்."

அவன் கதவைத் திறந்து உட்காரப் போனான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அவளுடைய குட்டைக் கால்களுக்காக முன்னே இழுத்து வைத்த இருக்கை. பாதி உள்ளே, பாதி வெளியே, அதைப் பின்னால் தள்ளும் கம்பியைத் தேடி இருக்கையின் ஓரமெல்லாம் தடவினான். கம்பி அடியில் இருந்தது. அவளுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

சர்வேயரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"எறங்குங்க" என்றாள். அவன் இறங்கினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கால்கள் பெடல்களில் போய்ப் பொருந்தின. பக்கக் கண்ணாடி அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில், நசுங்கிய கதவுக்குப் பக்கத்தில், அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அவள் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டில் முட்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து நின்றன.