மூங்கில் கொடியின் தடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. மேசை விரிப்பின் இரு ஓரங்களையும் உள்ளே தள்ளினேன். நடுவில் எழும்பும் என்று நினைத்தால், என் பக்கமாக எழும்பி நின்றது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்கு ஓர் ஆளை நியமித்துவிடுவது என் வழக்கம்.

2

'1955ஆம் ஆண்டு, கல்பாத்தி ஆற்றங்கரையில் இளங்காற்று வீசிக்கொண்டு'

வேண்டாம். காற்று வந்தால் துணி அசையும், கணக்கு கெடும்.

மறுபடி: துரைசுவாமி, நாற்பத்திரண்டு வயது, பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். துணிப்பட்டை ஒன்றை இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கித் தள்ளினால் எவ்வளவு விசையில், எந்த இடத்தில் எழும்பும்? நான்கு வருடமாக இதுதான் அவருடைய ஆராய்ச்சி. துணியை மெல்லிய தகடாகப் பாவித்து ஒரு சமன்பாடு எழுதினார். சரியாக நடுவில் எழும்பும் என்றது அது. அறுநூறு சோதனைகளில் ஒன்று தவிர மற்ற எல்லாவற்றிலும் துணி நடுவில்தான் எழும்பியது. அந்த ஒன்றைக் கைத்தவறு என்று அடித்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். பட்டம் வந்தால் பேராசிரியர் பதவி. இந்த வருடம் தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

(இவரைத் தலைக்கனம் பிடித்தவராகத்தான் முதலில் எழுதினேன். ஒரு மனிதர் நான்கு வருடம் துணியைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தபின் மனசு வரவில்லை.)

3

வெள்ளிக்கிழமை காலை, எலப்புள்ளியிலிருந்து தறித்துணி கொண்டுவரும் நாச்சம்மாள் வந்தார்.

"நேத்துத்தானுங்க சாமி தறியில இருந்து எறக்குனது. அப்படியே சுருட்டிக் கொண்டாந்துட்டனுங்க."

துரைசுவாமி எப்போதும் துவைத்து உலர்த்திய பிறகுதான் சோதிப்பார். அன்று ஆசைக்கு ஒரு பட்டையை வெட்டி அப்படியே தள்ளிப் பார்த்தார். இடது ஓரத்தில் எழும்பியது. அடுத்தது வலப்பக்கம். மூன்றாவது இரண்டு இடங்களில்.

துரைசுவாமியின் உள்ளத்தில் ஒரு

(இதை ஐந்து முறை தொடங்கிவிட்டேன். அவர் எழுந்தார், அவ்வளவுதான்.)

துவைத்த பட்டைகள் காயும் கொல்லைப்புறத்துக்குப் போனார். பட்டைகளில் வேறு கை படக்கூடாது என்று மனைவி அபயாம்பாளிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதற்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. பிறர் தொடாமல் உலர்த்தும் மடித்துணியைப் போலவே அபயாம்பாள் அவற்றையும் தானே நனைத்து, கோலால் தூக்கி, உயரத்திலிருந்த மூங்கில் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் இருபுறமும் சமமாகத் தொங்கியது. காய்ந்துவிட்ட ஒன்றைத் துரைசுவாமி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் நட்டநடுவில் மூங்கிலின் தடம் மடிப்பாக விழுந்திருந்தது.*

* சமன்பாட்டில் மூங்கில் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

4

முடிவு ஒன்று: ஒன்றும் பார்க்காதவர்போல் ஆய்வேட்டை அனுப்பிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: ஆய்வேட்டை ஆற்றில் எறிகிறார். சினிமாத்தனம். தவிர, கோடையில் அந்த ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

மூன்றாவதில் அவர் பேசுகிறார்.

"அபயம், இத்தனை நாளும் நடுவில எழும்பினது இந்தக் கொடியாலயாக்கும்."

அபயாம்பாள் திரும்பவில்லை.

"தெரியும். மொதல் மாசம் ஒருநாள் ஒண்ணை ஓரமா போட்டுட்டேன். ஓரத்தில எழும்பித்து. அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்லை. அதுக்கப்பறம் நடு பார்த்துத்தான் போடறேன்."

அடித்துவிட்ட அந்த ஒரு சோதனை அவர் நினைவுக்கு வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அழுகைதான் வந்தது.

அபயாம்பாள் அடுத்த பட்டையைக் கோலில் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

"இதை எங்க போடட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் நல்லது, அவருக்குக் கை வலிக்கும்.