வைமர் சீமாட்டிக்கும் ஒரு அய்யா

"வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

இதை மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதே என்று பதவியேற்ற அன்றைக்கே என்னைப் பெற்ற அய்யா சொல்லியிருந்தார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே அரசியல் பயிற்சி அது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் தீர்மான நோட்டை நீட்டிய கிளார்க் சங்கிலிப்பாண்டி உள்பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, பாப்பா வாசிக்கணுங்குது" என்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல.

பாப்பாதான் ஊராட்சித் தலைவர். முத்துசெல்வி, பி.ஏ. வரலாறு. எங்கள் ஆட்டுக்காரக் குடும்பத்தில் முதல் பட்டம். போன வருஷம், தொண்ணூற்றாறில், தலைவர் பதவி பெண்களுக்கு என்றதும் அக்கம்பக்கத்து ஊர்களில் பெண்டாட்டிகளை நிறுத்தினார்கள். என் அம்மா கைநாட்டு. "மக கையெழுத்து முத்துமுத்தா இருக்கும்" என்று அய்யா என்னை நிறுத்தினார். எழுதத் தெரிந்தவளுக்கு வாசிக்கவும் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஜெயித்தது நான். ஆபீஸ் நாற்காலியில் துண்டைப் போட்டது அவர். கோவில்பட்டிக் கூட்டங்களுக்கு அவர் போவார். நான் அடுப்படியில் நின்று வெறும் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

கல்லூரியில் நான் கட்டுரை எழுதியது அன்னா அமாலியாவைப் பற்றி. ஜெர்மனியில் வைமர் சீமையின் பிரபு வீட்டு மருமகள். அவளுடைய பதினெட்டாவது வயதில், சீமையை ஆண்ட புருஷன் செத்துப்போனான். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. மூத்தவன் வளரும்வரை ஆளவேண்டியவள் அவள். ஆனால் அவளுக்கே வயசு பத்தாது என்று அவளுடைய அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மறுவருஷம் பேரரசர் அவளுக்கு வயசு வந்துவிட்டதாக அறிவித்தார். அதன்பிறகு மகனுக்குப் பதினெட்டாகும்வரை அவள்தான் ஆண்டாள்.

எனக்கு இருபத்திமூன்று. பேரரசர் யாரும் இந்தக் கரிசல் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

நோட்டை வாங்கி வாசித்தேன். கிழக்குத் தெருவுக்கு வந்த அடிபம்பை, 'பொதுமக்கள் வசதி கருதி' எங்கள் ஆட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட ஒருமனதாகத் தீர்மானம். கிழக்குத் தெருப் பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள்.

அய்யா கஞ்சிபோட்ட சட்டையில் வந்தார். ஆகஸ்ட் பதினைந்து. பத்து மணிக்குக் கொடியேற்றம், கிராமசபை.

"இதுல பொதுமக்கள் யாரு, அய்யா?"

"ஆடும் உசிருதானட்டி."

"ஓட்டுப் போட்டது கிழக்குத் தெரு. கிடா போடல."

சங்கிலிப்பாண்டி சிரிப்பை இருமலாக்கினார்.

"ஜெர்மன்காரி கதையெல்லாம் காலேஜோட வச்சுக்கோ. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ள நீ. ஊரைப் பாக்க நான் இருக்கேன்."

"அவளுக்கும் அப்பா இருந்தாரு."

"பொறவு?"

"ஒரு வருஷந்தான் இருந்தாரு."

அய்யா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "கையெழுத்துப் போடாம இந்த வாசலத் தாண்டினா, திரும்பி வரக்கூடாது பாத்துக்கோ."

அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. 

முந்தினநாள் பம்புக் குழாய்கள் எங்கள் தொழுவத்துப் பக்கம் இறங்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. விடியும் முன்பே கிழக்குத் தெரு வள்ளித்தாயிடம், எல்லோரையும் குடத்தோடு வரச்சொல்லிவிட்டு வந்திருந்தேன். கிராமசபை அங்கேதான், பம்பு வரவேண்டிய இடத்தில். அய்யாவிடம் அதை இனிமேல் சொல்லி என்ன.

சங்கிலிப்பாண்டியின் பையிலிருந்து தலைவர் முத்திரையை எடுத்தேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கினேன். செருப்பை மாட்டினேன்.

"அண்ணாச்சி, நான் இப்ப எங்கன போக?" என்று சங்கிலிப்பாண்டி கேட்டுக்கொண்டிருந்தார். அய்யா என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. தெருவில் இறங்கிக் கிழக்கே திரும்பியிருந்தேன்.