நிலாவாரை கலந்த பொடி

அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து ஜெயசித்ரா போன் செய்தாள். தாய்ப்பால் சுரக்க ஜெபா விற்கும் பொடியை வாங்குகிற பெண்களில் ஒருத்தி. பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகிறது.

"அக்கா, பாப்பாவுக்கு நேத்துல இருந்து தண்ணியாப் போகுது. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்துறாவ. நான் என்ன சாப்பிட்டேன்னு டாக்டர் கேக்காவ. உங்க பொடியில என்னென்ன இருக்கு?"

"வெந்தயம், சோம்பு, தண்ணீர்விட்டான் கிழங்கு..." என்று ஜெபா ஆரம்பித்தாள். அடுத்த சொல் வரவில்லை. "செத்த நேரத்துல கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் வைத்து அவள் அந்தப் பொடியைத் தயாரித்தாள். மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது தனக்கென்று அரைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பிறகு வாட்ஸப்பில் ஒரு குழு சேர்ந்தது. போன மாதம் சிலர், "பால் சுரக்கவும் செய்யணும், வயிறும் குறையணும், அப்படி ஏதாவது சேத்துக் குடுங்க" என்று கேட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை இலை வாங்கிக் காயவைத்துச் சேர்த்தாள். பேதிக்குக் கொடுக்கிற இலை. முதலில் தானே தின்று பார்த்தாள். வயிறு லேசானது, வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பால் குடிக்கிற பிள்ளை அவளிடம் இல்லை. அந்த வித்தியாசம் இப்போதுதான் உறைத்தது.

செல்போன் ரிப்பேர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் பெலிக்ஸிடம் சொன்னாள். அவன் செருப்பை மாட்டாமல் நின்றான்.

"ஏட்டி, பொடியினாலதான்னு யாரு கண்டா? போனை ஆஃப் பண்ணிப் போடு. நீயாப் போய் ஒத்துக்கிட்டா கேஸு கீஸுன்னு வந்து நிக்கும்."

"டாக்டருக்குத் தெரியலன்னா என்ன வைத்தியம் பாப்பாவ?"

"அதை அவிய பாத்துக்கிடுவாவ."

ஜெபா அடுப்பை அணைத்தாள். திரும்பப் பற்றவைத்தாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். சாதம் வடிக்கும்போது கஞ்சி கையில் பட்டது. எரிச்சல்கூடச் சரியாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த பொடியில் ஒரு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "போன்ல சொன்னாப் போதாது, பொடியைக் காட்டணும். நான் ராஜபாளையம் போறேன்" என்றாள். பெலிக்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டான். அவளைத் தடுக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் வேண்டுமென்றே தாமதிப்பதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயசித்ராவின் கணவன் விக்னேஷ்வரன் நின்றிருந்தான். அவள் யாரென்று சொன்னதும் வார்டுக்குள் கூட்டிப்போனான்; பொட்டலத்தைப் பிடுங்கி டாக்டரம்மாவின் மேசைமேல் எறிந்தான். "எம் பிள்ளை கண்ணு உள்ள போய்க் கெடக்கு. இப்பதான் உங்களுக்கு வர வழி தெரிஞ்சுதோ?"

டாக்டரம்மா பொட்டலத்தை எடுத்து, மேலே அச்சடித்திருந்ததை வாசித்தார். "நூறு சதவீதம் இயற்கை. பக்கவிளைவு கிடையாது." நிமிர்ந்து பார்த்தார். "இது யார் சொன்னது?"

"நாந்தான் போட்டேன், மேடம். எல்லாரும் அப்படித்தான் போடுதாவன்னு போட்டேன்." ஜெபா மேசைப் பக்கம் நெருங்கினாள். "இதுல நிலாவாரை இருக்கு. மேல போடல. எம்புட்டு சேத்தேன்னும் அளந்து வைக்கல."

"எவ்வளவு சாப்பிடச் சொன்னீங்க?"

"ராத்திரி ஒரு ஸ்பூன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெயசித்ரா அழ ஆரம்பித்தாள். "மூலிகைதானேன்னு நான் மூணு வேளையும் சாப்பிட்டேன். சீக்கிரம் வயிறு குறையட்டும்னு."

"அம்மா சாப்பிடுறதுல கொஞ்சம் பால் வழியாப் பிள்ளைக்குப் போகும்," என்றார் டாக்டர். "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல. கிருமியாவும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்திருக்கோம். ஆனா பொடியை இன்னையோட நிறுத்துங்க. பாலை நிறுத்தாதீங்க. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்."

பயத்தில் காலையிலிருந்து பால் கொடுக்காமலே இருந்தாள் ஜெயசித்ரா. நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஜெபா வெளியே வந்துவிட்டாள்.

வராந்தா மூலையில் நின்று குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "பொடியை யாரும் தொடாதீக. நான் தப்பாக் கலந்துட்டேன். பிள்ளைக்கு வயித்தால போனா உடனே டாக்டர்ட்ட காட்டுங்க." ஒவ்வொருவராக அந்தப் பதிவைக் கேட்டார்கள். சிலர் திட்டினார்கள். தளவாய்புரம் முனீஸ்வரி மட்டும் கேட்கவே இல்லை; கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. முகவரி தெரியும், கூரியர் அனுப்பியவள்தானே. ஜெபா அடுத்த பஸ் ஏறினாள்.

முனீஸ்வரி வீட்டில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. ஜெபா முதலில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் முனீஸ்வரியின் முகம் மாறியது. "எம் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யலக்கா. லேசா இளகிப் போகுது, அம்புட்டுதான். பொடியை நான் தர மாட்டேன். இதைச் சாப்பிட்ட பொறவுதான் பாலே வருது."

"பொடியில வரலம்மா. பிள்ளை சப்புறதுலதான் ஊறுதுன்னு டாக்டர் சொல்லுதாவ."

"அப்போ அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீக? பொடி சாப்பிடலன்னா பால் வத்திரும்னு போன்ல நீங்கதான சொன்னீக? அன்னைக்கு நான் தூங்கவே இல்ல, தெரியுமா?"

விற்கவேண்டும் என்பதற்காக ஜெபா சொன்னது அது. "தெரியாமச் சொன்னேன்" என்று சொல்லப்போனாள், அதுவும் பொய்யாகிவிடும். "நீ வாங்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றாள்.

முனீஸ்வரி மிஷினை விட்டு எழுந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். ஜெபா குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"பிள்ளையை இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிரு."

"காட்டுதேன். நீங்க கெளம்புங்க."

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஜெயசித்ரா கூப்பிட்டாள். "பாப்பா ஒண்ணுக்குப் போயிருச்சு, உடம்புல தண்ணி சேந்துருச்சாம். இனி பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாவ." ஜெபா வாய் திறப்பதற்குள், "சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். இனிமே நீங்க எனக்குப் போன் பண்ணாதீக" என்று வைத்துவிட்டாள்.

ஜெபா டப்பாவை மார்போடு அணைத்தபடி நின்றாள். அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, ஒரு பிள்ளைக்கு நல்லாயிருச்சு" என்றாள்.