எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

உண்ணாமலையை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் விடிந்ததிலிருந்து அந்தக் கல்யாணக் கொட்டகையின் பெரிய கவலை.

மணப்பெண்ணைப் பெற்றவள் அவள். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள். வெள்ளைச் சேலையோடு பந்தலில் நின்றால் சகுனம் கெடும், அடுப்பங்கரையில் நின்றால் சோறு கெடும், வாசலில் நின்றால் மாப்பிள்ளையே கெட்டுவிடுவார் என்று மாப்பிள்ளையின் தாயார் முத்துமாரியம்மாள் அவளை இடம் இடமாக நகர்த்திக்கொண்டு போய், கடைசியில் கொல்லைப்புறத்து விறகுக் கொட்டிலில் நிறுத்தினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. தாலி ஏறுற வரைக்கும் எம் மகன் ஒங்க மொகத்துல முழிச்சிறக் கூடாது. மூத்த தாரத்தைத்தான் வாரிக் குடுத்துட்டான், இதாவது நெலைக்கட்டும்."

"மூத்தவ போனப்போ நான் எங்கூர்லதானே இருந்தேன், சம்பந்தியம்மா? அன்னிக்கு யாரு மொகத்துல முழிச்சாரோ?"

அன்றைக்கு மாப்பிள்ளை முழித்தது தாயார் முகத்தில்தான். முத்துமாரியம்மாள் காது கேளாதவள்போல் திரும்பிப் போனாள்.

மாப்பிள்ளை ஆத்மநாதன் மணப்பாறையில் ஒரு வக்கீலின் குமாஸ்தா. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. பெண் செவந்திக்குப் பதினொன்று. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது உண்ணாமலையின் கொழுந்தன் சோலையப்பனுடைய வாய்க்கால் வழக்கு. அது பல வருஷமாகக் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளைக் கொடுத்தால் அதைத் தட்டி எழுப்பி உட்கார வைக்கிறேன் என்று ஆத்மநாதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணத்தை மணப்பாறையில் நடத்த வழியில்லை. பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் தண்டனை என்று வெள்ளைக்காரச் சர்க்கார் சாரதா சட்டம் போட்டிருந்தது. ஆனால் விராலிமலைச் சாலையில் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் புதுக்கோட்டைச் சமஸ்தானம். அந்தச் சட்டம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் குழந்தையாக இருப்பவள், இந்தப் பக்கம் கால் வைத்ததும் கல்யாணப் பெண். இந்த அதிசயத்தை நம்பியே கல்லை ஒட்டிக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முகூர்த்த நாளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உண்ணாமலையிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. மலைக்கோயிலில் வேண்டுதல் என்று சொல்லித்தான் முந்தின நாள் பஸ்ஸில் ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் மலையைக் காணோம், வாழைமரம் கட்டியிருந்தது. அழுதாள், கும்பிட்டாள், கொழுந்தன் காலில்கூட விழுந்தாள். "எல்லாம் தலையெழுத்துக்கா" என்று கொழுந்தன் பெண்டாட்டி சொர்ணம் தூக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பலகாரத்தின்முன் உட்கார்ந்து ஆத்மநாதன் சட்டம் பேசினார். தன்னைவிட இளையவனான சோலையப்பனை, முறை கருதி, வாய் நிறைய மாமா என்றார்.

"சட்டம் நம்ம சரகத்துப் போலீஸ்காரன் மாதிரி, மாமா. எல்லை வந்தா நின்னுருவான். கல்லுக்கு அங்கிட்டுத் தாலி கட்டுனா எனக்கு ஜெயிலு. இங்கிட்டுக் கட்டுனா விருந்து."

"பிள்ளையை எல்லை தாண்டிக் கூட்டியாந்தது குத்தமாகாதுல்ல மாப்ளே?"

"தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயார்தான் கார்டியன். அவுகளே கூட வந்துட்டாக. அதனால பொழைச்சோம். அவுக சம்மதமில்லாம அங்கிட்டிருந்து பிள்ளையைத் தூக்கியாந்தா, அது கடத்தல் கேஸு. வருசக்கணக்குல களிதான்."

சொல்லிவிட்டு அதிரசத்தைக் கடித்தார். கதவுக்குப் பின்னால் அந்தக் கார்டியன் உட்கார்ந்திருந்தாள். விதவை இருக்கிற இடத்தை ஆள் இல்லாத இடம் என்று நினைப்பது அவர்கள் வழக்கம். அதனால் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

இப்போது விறகுக் கொட்டிலுக்குச் செவந்தி ஓடி வந்தாள். கூறைச்சேலை அவளைச் சுற்றியிருந்ததா, அவள் அதற்குள் தொலைந்திருந்தாளா என்று சொல்ல முடியாது.

"ஆத்தா, ஒண்ணுக்கு வருது. மணையில ஒக்காந்துட்டா எந்திரிக்கவே கூடாதாம்ல?"

பின்னாலேயே சொர்ணம் வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி அவள் மகள் பிரகதம். அவளுக்குப் பத்து வயது.

"சீக்கிரம் அனுப்புங்கக்கா. மாப்ளை மணைக்கு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சொர்ணம் மகளோடு உள்ளே போனாள்.

உண்ணாமலை மகளை வேலி மறைவுக்குக் கூட்டிப்போனாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொட்டகைக்குத் திரும்பாமல், நேராக வாசலைச் சுற்றிச் சாலைக்கு நடந்தாள்.

வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். முக்காட்டை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, எதிர்க்க வருகிறாள் ஒரு தாலியறுத்தவள்! ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். மற்றவர்கள் மொத்தமாக முதுகைக் காட்டினார்கள். அவள் கையில் கல்யாணப் பெண் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தால் அல்லவா சகுனம் கெடும்!

எல்லைக்கல்லைத் தாண்டி, முதல் புளியமரத்தின் நிழலில் உண்ணாமலை உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கழுத்து மாலையைக் கழற்றினாள். அந்த வழியாக வந்த ஓர் ஆடு மாலையை எடுத்துக்கொண்டது.

மேளம் பாதியில் நின்றது. கொட்டகையே கல்லுக்கு ஓடி வந்தது. வந்த வேகத்தில் மாப்பிள்ளை ஒரு காலை எல்லைக்கு அப்பால் வைக்கப் போனார். முத்துமாரியம்மாள் பாய்ந்து அவர் கண்ணைப் பொத்தினாள்.

"பாக்காதடா! அவ மொகத்தைப் பாக்காதடா!"

கண்ணைப் பொத்திய தாயும் பட்டுவேட்டி கட்டிய பிள்ளையும் கண்ணாமூச்சி ஆடுகிறவர்கள்போல் கல்லருகில் தள்ளாடினார்கள். செவந்தி சிரித்துவிட்டாள்.

"மதினி! மானத்தை வாங்காம எந்திரிச்சு வாங்க" என்றான் சோலையப்பன். "முகூர்த்தம் போகுது."

"எங்கிட்டும் போகலை தம்பி. மாப்ளையை இங்க வரச் சொல்லுங்க. இந்த மரத்தடியில வச்சுக் கட்டட்டும். மணப்பாறைப் போலீஸுக்கும் ஒரு எலை போட்டுருவோம்."

"நான் வந்து தூக்கியாந்தா என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்யப்போறேன்? ஒங்க மாப்ளைட்டயே கேளுங்க."

சோலையப்பன் திரும்பினான். "சட்டம் என்ன மாப்ளே சொல்லுது?"

சட்டம் என்று யாராவது கேட்டுவிட்டால் ஆத்மநாதனால் சும்மா இருக்க முடியாது. தாயின் விரல்களுக்கு அடியிலிருந்தே பதில் வந்தது. "கடத்தல், மாமா. அதோட, சொல்லிக் குடுத்தேன்னு என்னையும் சேத்துருவாக."

வாத்தியக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சோலையப்பன் தூக்கிய காலை இறக்கினான்.

முத்துமாரியம்மாள் லேசில் தோற்கிறவள் அல்ல. சமைத்த சோறு இருக்கிறது, வந்த ஜனம் இருக்கிறது, முகூர்த்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அவள் கண் கூட்டத்தைத் துழாவி, சொர்ணத்தின் முந்தானையில் போய் நின்றது.

"ஏன் சம்பந்தி, ஒங்க மகளும் அதே வளத்திதானே? நல்லாச் செவப்பா வேற இருக்கா. அண்ணன் மகளா இருந்தா என்ன, ஒங்க மகளா இருந்தா என்ன? வழக்கு ஒங்க வழக்குதானே?"

சோலையப்பன் சீறி விழுவான் என்று சொர்ணம் காத்திருந்தாள். அவன் சீறவில்லை. மோவாயைத் தடவினான். வாய்க்காலை நினைத்தான். நினைப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பிரகதத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளை, கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் கல்லைத் தாண்டினாள்.

"ஏய், எங்கடி போறே?" என்று சோலையப்பன் கத்தினான். "சுமங்கலிடி நீ! காலங்காத்தால அவ மொகத்துல போயி முழிக்கிறியே!"

சொர்ணம் மகளைச் செவந்தியின் பக்கத்தில் இறக்கிவிட்டாள். உண்ணாமலைக்கு எதிரே, முகத்துக்கு நேர் முகமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து தெனம் ஒங்க மொகத்துலதானே முழிச்சேன்? என்னத்தைக் கண்டேன்? இன்னிக்கு ஒரு நாள் எங்கக்கா மொகத்துல முழிச்சிப் பாக்குறேன்."