ஆறு பேருக்கு மூன்று அறை

கேஷியரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட் சரிந்து விழாமல் இருக்கச் சர்க்கரை டப்பாவை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே மேடத்துக்கு இந்தப் பயணத்தின் லட்சணம் விளங்கிவிட்டது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறு பெண்கள் வட ஆப்பிரிக்காவுக்குப் போகப் போகிறார்களாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாலைவனம் என்றிருக்கும் நாடு. அதன் பெயரை அங்கிருந்த ஐந்து பேரும் ஐந்து விதமாக உச்சரித்தார்கள். மேடம் திருத்தவில்லை. அந்த அலுவலகத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்து இவர்களைத் திருத்தியே அவளுடைய பாதி ஆயுசு போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அவளை எல்லோரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் எவளுக்கும் வரவில்லை, வரவும் வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

டேப்லெட் டைப்பிஸ்டுடையது. ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் பாதி உலகம் சுற்றிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. ஊர்ப் பணத்தையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த கேஷியர், சொந்த வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். தபால் பிரிவில் அக்காளும் தங்கையுமாக வேலை பார்த்த இருவர், இங்கேயும் ஒரே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ஒருத்தி ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவள் முடித்துவைத்தார்கள். தனியாக யோசிக்க இருவருக்குமே மூளை போதாது என்று மேடம் பல வருஷம் முன்பே தீர்மானித்திருந்தாள். ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவள் சோபாவின் மூலையில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்கு அந்த இருட்டு அறையைக் கொடுத்தது யாரோ, புண்ணியவான், ஆளறிந்துதான் கொடுத்திருக்கிறான்.

“கோடையில போனா பாலைவன முகாமெல்லாம் பாதி விலைதான்” என்றாள் டைப்பிஸ்ட் பெருமையாக.

“ஏன் பாதி விலைன்னு யோசிச்சியாம்மா? அந்த மாசத்துல அங்க ஒட்டகமே நிழல் தேடும். நீ மணல்ல நடந்து போட்டோ எடுப்பியாக்கும்!” என்றாள் மேடம்.

டைப்பிஸ்ட் உடனே மாதத்தை மாற்றினாள். ஊர் விட்டு ஊர் போகத் தனி வேன் பிடிக்கலாம் என்று அக்காள் ஆரம்பிக்க, அதுதான் சௌகரியம் என்று தங்கை முடித்தாள். அந்த நாட்டில் எட்டுப் பேர் ஏறும் பொது வேன்கள் ஓடுகின்றன, ஆள் நிறைந்ததும் கிளம்பும், ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும் என்று மேடம் எடுத்துச் சொன்னாள். அந்த நாட்டுப் பணத்தை வெளியே எடுத்துவர முடியாது, மாற்றும்போது தருகிற ரசீதைத் தொலைத்தால் மிச்சப் பணம் அங்கேயே போய்விடும் என்றும் சொன்னாள். கேஷியர் வாயைப் பிளந்தாள். ஆயுசு முழுக்கப் பணத்தோடு புழங்கியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மேடம் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் விமான நிலையத்தைத் தாண்டாது. அதற்காகத்தான் போகிறேன் என்று மகன் போனில் கேட்டபோது சொல்லியிருந்தாள். ஆனால் அவள் மனசு வேறு ஒன்று சொன்னது. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் குக்கர் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. மகனும் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே. இந்தப் பயணத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரியிடம் அவள் இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை அந்தப் பெண் சிரித்தபோதுதான் தனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

டேப்லெட்டில் அடுத்துக் கடற்கரை ஹோட்டல் கணக்கு வந்தது. டைப்பிஸ்ட் அதை மட்டும் விரலால் வேகமாகத் தள்ளிவிட்டாள். மேடத்தின் கண்ணுக்கு அது தப்புமா?

“நில்லு. மேல போ. ஏம்மா, இது என்ன எக்ஸ்ட்ரா கட்டில்?”

“அது வந்து மேடம், ஹோட்டல்ல…”

“ஆறு பேரு. ரூமுக்கு ரெண்டு பேரு, மூணு ரூம். மூணு ரூமும் எடுத்தாச்சு. அப்புறம் கட்டில் எதுக்கு? ஒட்டகத்துக்கா?”

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அவளுடைய கிண்டலுக்குச் சிரிப்பது அலுவலகத்தில் எழுதப்படாத விதி. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்காள் தங்கையைப் பார்த்தாள், தங்கை பிஸ்கட்டைப் பார்த்தாள். மேடம் மறுபடி மனக்கணக்குப் போட்டாள். அக்காளும் தங்கையும் ஒரு அறை. இன்னொரு அறையில் கட்டில் போட்டு மூன்று பேர். மீதி ஒரு அறை, மீதி ஒரு ஆள். இத்தனை சுலபமான கணக்கை அவள் வாழ்நாளில் போட்டதில்லை.

“உங்களுக்குத் தனி ரூம் மேடம்” என்றாள் கேஷியர் அவசரமாக. “வசதியா இருக்கட்டும்னுதான். அந்தக் கூடுதல் காச நாங்க அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கறோம். உங்ககிட்ட பைசா கேக்க மாட்டோம்.”

பேனா மூடி தொலைந்ததற்கு அலுவலகத்தில் ஒரு வாரம் சண்டை போட்ட கூட்டம் இது. டீக்கடையில் ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் கொடுத்துவிட்டால் மறுநாள் காலையிலேயே கேட்டு வாங்குகிற ஜாதி. அப்பேர்ப்பட்டவர்கள் கைக்காசைப் போட்டு, ஒரு அறையில் மூன்று பேராக முடங்கிக் கிடக்கத் தயாராக இருக்கிறார்கள்.

“நான் கேட்டனா தனி ரூம்?”

சோபா மூலையிலிருந்து பதில் வந்தது. ரெக்கார்டு ரூம்காரி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“போன வருஷம் மலைக்குப் போனோமே மேடம். உங்ககூட நான்தான் இருந்தேன்.”

“இருந்தே. அதுக்கு?”

“தூங்கினவளை எழுப்பி, போர்வைய தப்பா மடிச்சிருக்கேன்னு சொன்னீங்க. குளிக்கப் போனா கதவத் தட்டி தண்ணி வீணாகுதுன்னீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசிட்டு வெச்சதும், நான் அவர்கிட்ட சொன்னதுல எதெல்லாம் பொய்னு எனக்கே எடுத்துச் சொன்னீங்க.” கண்ணைத் திறந்தாள். “உங்கள எங்களுக்குப் பிடிக்கும் மேடம். பகல்ல.”

மேடத்துக்கு முகம் சுட்டது. போர்வையைத் தப்பாகத்தான் மடித்திருந்தாள், அதில் சந்தேகமே இல்லை. போனில் சொன்னதும் பொய்தான். ஆனால் தான் செய்ததாக அவள் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. எழுந்து போய்விடலாம். இந்த அரைவேக்காடுகள் ரசீதைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கட்டும். ஆனால் நாற்காலியைப் பின்னால் தள்ளக் கை வரவில்லை. கீழ்வீட்டுக்காரி கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மகனும் கேட்பான், ஒருவேளை.

“சரி, கடற்கரைல ரூம் இருக்கு. பிரிச்சுக்கறீங்க” என்றாள். குரலில் பழைய அதிகாரத்தை வரவழைத்துக்கொண்டாள். “பாலைவனத்துல ஒரு ராத்திரி தங்கறோமே, அங்க ரூமே கிடையாதே. அங்க என்ன பண்ணப் போறீங்க?”

கேட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. டைப்பிஸ்ட் கேஷியரைப் பார்த்தாள். கேஷியர் தலையை லேசாக அசைத்தாள். டைப்பிஸ்ட் சர்க்கரை டப்பாவில் சாய்த்திருந்த டேப்லெட்டை எடுத்து, மேடத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.

முகாமின் படம் அது. சாயங்கால வெளிச்சத்தில் மணல். முன்னால் ஒரு பெரிய கூடாரம், உள்ளே வரிசையாக மெத்தைகள், வாசலில் விரித்த கம்பளம். தள்ளி, மணல்மேட்டுக்கு அருகில், ஒரு ஆள் படுக்கிற அளவில் ஒரு சின்னக் கூடாரம். அதற்குள்ளும் விளக்கு எரிந்தது.

“கேட்டு வெச்சிருக்கோம் மேடம்” என்றாள் டைப்பிஸ்ட், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில். “நல்ல மெத்தைதான்னு சொன்னாங்க.”

மேடம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தாள். அந்தக் கூடாரத்தில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“அது இதுலேர்ந்து எவ்வளவு தூரம் இருக்கும்?”

டைப்பிஸ்ட் இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தாள். பெரிய கூடாரம் ஒரு ஓரமாக ஒதுங்கி மறைந்தது, சின்னது மறு ஓரமாக. நடுவில் இருந்த மணல் மட்டும் விரிந்துகொண்டே போனது.